பாயலைக் கண்டும் சொல்லாத நாட்கள்

என் மனைவிக்கு அந்த வேலை கிடைத்த அன்று, படகுத்துறையில் நின்ற எல்லாருக்கும் நான்தான் பழம்பொரியும் சாயாவும் வாங்கிக் கொடுத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் நடந்துகொண்டதைப் படிப்பவர்கள், இவன் ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. அன்றைக்கு எனக்கு அவளைப் பற்றிப் பெருமைதான். கொஞ்சம் இளக்காரமும் இருந்தது.

குலசேகரத்திலிருந்து மலை ஏறும் சாலையில், ரப்பர் தோட்டங்கள் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் எங்கள் ஏரி இருக்கிறது. பத்தொன்பது வருடமாக அதில் நான் படகு ஓட்டுகிறேன். சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு வட்டம் அடிப்பேன். மீன் பிடிக்கிறவர்களின் வள்ளம் பழுதானால் கட்டி இழுத்து வருவேன். மழைக்காலத்தில் ஓடையில் அடித்து வரும் மரங்களை ஒதுக்குவேன். எந்த மூலையில் பாறை மறைந்து கிடக்கிறது, எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் அலை எழும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். என்னைக் கேட்காமல் யாரும் தண்ணீரில் இறங்கியதில்லை.

அடிவாரத்துக் குளம் ஒன்றைப் பாயல் மூடியதிலிருந்துதான் எல்லாம் மாறியது. ஆப்பிரிக்கப் பாயல் என்பது கேரளத்துக்காரர்கள் அதற்கு வைத்த பெயர். விரல் நகம் அளவு இலைகள் இரண்டிரண்டாக மிதக்கும். மேல்பக்கம் பூனையின் நாக்கைப் போலச் சொரசொரவென்று இருக்கும், தண்ணீர் ஒட்டாது. அடியில் பழுப்பு நூல் போலத் தொங்கும். ஒரு கணு ஒடிந்து விழுந்தால் போதும், அது தனிச் செடியாகிவிடும். அந்தக் குளம் இரண்டு மழைக்குள் மூடிப்போனது. தூரத்திலிருந்து பார்த்தால் புல்வெளி என்றே தோன்றும். அடியில் வெளிச்சமும் காற்றும் இல்லாமல் மீன்கள் செத்து நாறின.

மேலே எங்கள் ஏரிக்கு அது வந்துவிடக் கூடாது என்று ஊரில் கூட்டம் போட்டு ஒரு குழு அமைத்தார்கள். வெளியிலிருந்து வரும் எந்த வள்ளமும், வலையும், தூண்டிலும், குழந்தைகள் விளையாடும் காற்றடைத்த படகும்கூட, சாலை வளைவில் போட்ட ஷெட்டில் சோதனை முடிந்துதான் உள்ளே போக வேண்டும். ஈரமாக இருந்தால் உப்புத் தண்ணீரில் முக்கி, வெயிலில் நன்றாகக் காயப் போட வேண்டும். அங்கே உட்கார ஓர் ஆள் தேவைப்பட்டது. முதலில் என்னைத்தான் கேட்டார்கள். வலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆண்பிள்ளை வேண்டுமா என்று சிரித்தேன். ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த என் மனைவிக்கு அப்போது முழங்கால் வலி. தோட்டத்துச் சரிவில் ஏறி இறங்க முடியவில்லை. அவள் போனாள்.

மூன்று மாதத்தில் அவள் வேறு ஆளாகிவிட்டாள். நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். மீன்பிடிக்காரர் ஒருவர் பெரிய வலை ஒன்றைக் கொண்டு வந்தார். புது வலை என்று சத்தியம் செய்தார். அவள் அதைப் பாறைமேல் விரித்து, விளிம்பில் வரிசையாகக் கோத்த ஈயக் குண்டுகளை ஒவ்வொன்றாக உருட்டினாள்.

"அண்ணா, இது கொளத்தில எறங்கின வலையாக்கும்."

"கடையில வேண்டி நேர இஞ்ச கொண்டு வாறேன். பில்லு காட்டணுமா?"

"பில்லு வேண்டாம். இந்தக் குண்டுக்க நடுவில என்ன இருக்குன்னு நீங்களே பாருங்க."

சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, இரண்டு குண்டுகளுக்கு நடுவிலிருந்து எதையோ நெம்பி எடுத்தாள். அரிசியைவிடச் சிறியது, பச்சை. உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

"இந்தத் துக்குணிக்கா இம்புட்டு பெகளம்?" என்றார் அவர்.

"கீழக் கொளத்துக்கு மொதல்ல வந்ததும் துக்குணிதான் அண்ணா."

அவர் முனகிக்கொண்டே வலையை உப்புத் தொட்டியில் போட்டார். சுற்றி நின்றவர்கள் அவளைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. பத்தொன்பது வருடத்தில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. வீட்டுக்கு நடக்கும்போது, ஈயக் குண்டுகளுக்கு நடுவே பார்க்க எனக்குத் தோன்றியிருக்குமா என்று யோசித்தேன். தோன்றியிருக்காது. அந்த எண்ணம் நெஞ்சில் மீன்முள் மாதிரித் தைத்துக்கொண்டது.

நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக் கொடுக்கும் பேராசிரியை ஒருவர் மாதம் ஒருமுறை ஏரியைப் பார்க்க வருவார். நாங்கள் அவரை டீச்சர் என்போம். முன்பெல்லாம் வந்தவுடன் என்னைத்தான் தேடுவார். இப்போது படகில் ஏறும்போதே, "அக்கா எங்க? அக்கா வரட்டும், போவோம்" என்பார். என் மனைவி முன்னால் டீச்சர் பக்கத்தில் உட்காருவாள். நான் பின்னால் எஞ்சின் பக்கம். இரைச்சலில் அவர்கள் பேசுவது பாதிதான் கேட்கும்.

ஒருநாள் டீச்சர் மேற்குக் கரையைக் காட்டி, "அங்க நெழலா இருக்கே, அது என்ன எடம்?" என்று கேட்டார்.

"ஞாவல் மூலை டீச்சர். ஐப்பசியில கெழக்கக் காத்து அடிக்கும்பம், மெதக்கது பூராவும் அங்கதான் போய் ஒதுங்கும்."

டீச்சர் அதை எழுதிக்கொண்டார். கல்யாணமான புதிதில், இதே ஏரியில், அந்த இடத்தை அவளுக்குக் காட்டி அதையெல்லாம் சொன்னவன் நான். "இவிய சொல்லித் தந்தது" என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் அடுத்த மூலையைக் காட்டப் போய்விட்டாள். வேண்டுமென்றே செய்யவில்லை, மறந்துவிட்டாள். அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

பிறகு கண்ணில் பட்டதெல்லாம் அந்த எரிச்சலுக்குத் தீனியாயிற்று. டீச்சர் அவளுக்குக் கழுத்தில் மாட்டும் ஒரு பூதக்கண்ணாடி கொடுத்தார். ஞாயிறு ஆராதனையில் போதகர், "நம் ஏரியைக் காக்கும் சகோதரிக்காக" என்று ஜெபித்தார். பெண்கள் பக்கம் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். சாயாக்கடையில் புதிதாக வந்த ஓர் ஆளிடம் கடைக்காரர் என்னை, "பாயலக்காவுக்க வீட்டுக்காரரு" என்று அறிமுகப்படுத்தினார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் பாதிச் சாயாவோடு எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் அந்த எரிச்சலை வேறு வழியில் காட்டினேன். மரச்சீனிக் கிழங்கில் உப்பு இல்லை, மீன் கறியில் புளி ஏறிவிட்டது என்பேன்.

"இண்ணைக்கு வரதுக்கு நேரமாயிட்டு. நாளைக்கு செரியா வைக்கேன்" என்பாள்.

"பெரிய ஆளுக்கு இனி கறி வைக்க எங்க நேரம்?"

கிண்டல் என்று நினைத்து அவள் சிரித்துவிடுவாள். சண்டை போட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஐப்பசியில் ஒருநாள், மழை விட்ட மத்தியானம், கரையோரம் அடைத்துக் கிடந்த ஒரு மரத்தை இழுக்க ஞாவல் மூலைக்குத் தனியாகப் போனேன். தண்ணீர்மேல் சாய்ந்து கிடக்கும் நாவல் மரக் கிளைக்கு அடியில், ஒரு முறம் அளவுக்குப் பச்சையாக எதுவோ மிதந்தது. எஞ்சினை அணைத்துவிட்டுக் கிட்டே போனேன். கையில் அள்ளியபோது தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. பாயல்.

அந்த நிமிடத்தில் எனக்குப் பயம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன், அதற்கு வேறு பெயர் கிடையாது. அவளுடைய காவலைத் தாண்டி இது வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு வாரத்தில் டீச்சர் வெளியூரிலிருந்து சிலரை அழைத்து வருவதாக இருந்தார், பாயல் ஏறாத ஏரியையும் அதைக் காக்கிற முறையையும் காட்டுவதற்கு. வரட்டும், கண்ணால் பார்க்கட்டும் என்று முடிவு செய்தேன். ஏரிக்குக் கேடு வர வேண்டும் என்று நினைக்கவில்லை. முறம் அளவுதானே, அவர்கள் பார்த்த மறுநாள் ஒரு கூடையில் அள்ளிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு தினமும் அங்கே போனேன். கடைசிப் பயணம் முடிந்ததும், எஞ்சினைச் சரிபார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போவேன். கிளைக்கு அடியில் படகை நிறுத்தி, நேற்றைக்கு இன்றைக்கு எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்ப்பேன். ஆட்களை ஏற்றிப் போகும்போது மட்டும் அந்தப் பக்கம் திரும்பாமல் கிழக்கே சுற்றி வருவேன்.

வெள்ளிக்கிழமைதோறும் என் மனைவி ஒரு நோட்டில் ஏரியின் மூலைகளை வரிசையாக எழுதி, பாயல் உண்டா இல்லையா என்று குறித்து வைப்பாள். ஞாவல் மூலைக்குப் படகில்தான் போக முடியும். அந்த வாரம் முழங்கால் வீங்கியிருந்ததால் அவளால் படகில் ஏறி இறங்க முடியவில்லை. ஷெட்டில் ஸ்டூல் போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தபடி என்னிடம் கேட்டாள்.

"ஞாவல் மூலை?"

"ஒண்ணும் இல்ல."

"கொம்பு சாஞ்சு கெடக்குமே, அதுக்க அடியில பாத்தியளா?"

"பாத்தேன்னு சொல்லுகேன்லா."

"கோவப்படாதீங்க. நீங்க பாத்தா நான் பாத்தது மாதிரிதான்."

எட்டாம் வகுப்புவரை படித்தவள். எழுத்தெல்லாம் உருண்டை உருண்டையாக இருக்கும். 'இல்லை' என்று எழுதி, பக்கத்தில் பார்த்தவர் பெயர் என்ற இடத்தில் என் பெயரை இன்ஷியலோடு மெல்ல எழுதினாள். எழுதி முடிக்கும்வரை நான் பக்கத்தில் நின்றேன். அப்போது வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

பதினோராம் நாள் காற்றும் மழையும் பலமாக அடித்தன. மறுநாள் காலை போய்ப் பார்த்தால், இரண்டு பேர் படுக்கும் பாய் அளவுக்கு வளர்ந்திருந்த அது கிழிந்து கிடந்தது. பாதியைக் காணோம். கொஞ்சம் தள்ளிப் பாறை இடுக்கில் ஒரு துண்டு, அதற்கும் அப்பால் இன்னொன்று. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. துடுப்பால் வாரிக் கூடையில் போடப் பார்த்தேன். வாரவார ஒடிந்து, சிறு துண்டுகளாகச் சிதறிப் படகைச் சுற்றிலும் பரவியது. எப்படி எடுக்க வேண்டும் என்று டீச்சர் ஒருநாள் முழுக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார். அன்றைக்கு நான் பின் வரிசையில் உட்கார்ந்து மொபைல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது எஞ்சின் இழுக்கவில்லை. துறையில் கட்டிவிட்டு எஞ்சினைத் தூக்கிப் பார்த்தேன். தண்ணீரைத் தள்ளும் காற்றாடியைச் சுற்றிப் பழுப்பு நூலும் பச்சை இலையுமாக இறுகிக் கிடந்தது. பிய்த்து எடுக்கும்போதுதான் விளங்கியது, இது ஒரு நாளில் சுற்றியதில்லை என்று. தினமும் அங்கே போய்வந்த நானே அதை வெட்டி வெட்டி ஏரி நெடுகிலும் கொண்டு வந்திருக்கிறேன். குனிந்து பார்த்தேன். என் படகு கட்டும் தூணுக்கு அடியில், நிழலில், மூன்று சிறு செடிகள் இலை விரித்து மிதந்தன.

ஷெட்டுக்கு ஏறிப் போனேன். அவள் ஒரு தூண்டில் கயிற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, ஞாவல் மூலையில பாயல் வந்திருக்கு."

அவள் கயிற்றைக் கீழே வைத்தாள். "எப்பம் கண்டிய?"

இப்போதுதான் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். அந்தச் சொல் நாக்கில்தான் நின்றது.

"பன்னெண்டு நாளாச்சு."

என் முகத்தையே பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. "எம்புட்டு இருக்கு?" என்று கேட்டாள். சொன்னேன். "எஞ்சின் ஓட்டிட்டா போனிய?"

"ஆமா."

"தெனமுமா?"

"தெனமும்."

உப்பு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். "படகத் தொடாண்டாம். அப்பிடியே கெடக்கட்டும். எல்லா வள்ளத்தையும் நிறுத்தணும்" என்றாள். என் முன்னாலேயே டீச்சருக்குப் போன் போட்டாள். இடத்தையும் அளவையும் சொன்னாள். பிறகு, "இவிய பன்னெண்டு நாளுக்கு முன்னயே கண்டிருக்காவ டீச்சர். யாருட்டயும் சொல்லல்ல" என்றாள். பூசி மெழுகவில்லை. போனை வைத்துவிட்டு நோட்டைத் திறந்து, வெள்ளிக்கிழமை எழுதிய வரியை ஒரு கோட்டால் அடித்து, மேலே நடந்ததை எழுதினாள். நான் புருஷன் என்பதற்காக ஒரு வார்த்தையைக்கூட அவள் குறைக்கவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. அதற்கு நடுவிலும், இவளால் மட்டும் எப்படி இப்படி நேராக நிற்க முடிகிறது என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

மூன்று வாரம் வேலை நடந்தது. பச்சை நிழல்வலையைக் கயிற்றில் கட்டி, காலிப் பிளாஸ்டிக் குப்பிகளை மிதவையாகக் கோத்து, முதலில் ஞாவல் மூலையின் வாயை அடைத்தார்கள். அதற்குப் பிறகுதான் உள்ளே இறங்கினார்கள். எஞ்சின் கூடாது, துடுப்பு மட்டும். பால் வெட்டு முடிந்து வந்த பெண்கள் பத்துப் பேர், சல்லடைக் கூடையை அடியில் கொடுத்து, ஒடியாமல் மெல்லத் தூக்கினார்கள். நான் கூடைகளைச் சுமந்து, தண்ணீர் எட்டாத பாறைக்குக் கொண்டுபோய்க் காயப்போட்டு எரித்தேன். யாரும் என்னிடம் அதிகம் பேசவில்லை.

இரண்டாம் நாள் நான் கூடை எடுக்கப் போனபோது அவள் கேட்டாள், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில்.

"எதுக்கு சொல்லாம இருந்திய?"

"வெளியூர்க்காரவிய வரும்பம், உனக்க காவல்லயும் பாயல் கெடக்குன்னு தெரியணும். நீ நாணங்கெடணும்னு நெனச்சேன்."

கூடையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

"என்கிட்டப் பெணங்கியிருக்கலாமே" என்றாள். "ஏரி வெள்ளத்துகிட்ட எதுக்கு?"

அதற்குமேல் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரு மாதம்வரை வேறு எதைப் பற்றியும் அதிகம் பேசவில்லை. சோறு போட்டு வைத்துவிட்டுப் போய்விடுவாள். அந்த மாதம் ஆராதனையில் திருவிருந்து கொடுத்தபோது, அப்பம் வாங்க எனக்குத் தகுதியில்லை என்று இருக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை.

குழு என்னிடமிருந்து படகை நான்கு மாதம் வாங்கி வைத்துக்கொண்டது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் ஓட்டினார். முழங்கால் தேறியதும் என் மனைவி தினமும் அந்தப் படகில் போனாள். முதலில் பாறையில் பாயலைக் கிளறிக்கொண்டே பார்ப்பேன், பிறகு கரையில் சும்மா நின்று. முன்னால் அவள், பின்னால் அந்த ஆள். அவள் கையைக் காட்டினால் உடனே எஞ்சினை நிறுத்தித் துடுப்பை எடுப்பார். அந்த நான்கு மாதம் என் வயிற்றில் எரிந்ததோடு ஒப்பிட்டால், முன்பு இருந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. அந்த மனிதர்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. அவர் நல்ல ஓட்டுநர், சொன்னதைக் கேட்பவர். அதனால்தான் அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

வெளியூர்க்காரர்கள் தள்ளிப்போட்டு ஒருநாள் வந்தார்கள். டீச்சர் அவர்களுக்கு மிதவை வலையைக் காட்டி, பார்த்தவர் பார்த்த அன்றே சொல்லியிருந்தால் ஒரு கூடையோடு முடிந்திருக்கும் என்று சொன்னார். யார் என்று சொல்லவில்லை. வந்தவர்களில் ஒருவர் என்னைப் பார்த்து, "நீங்க இங்க வேலை செய்றவரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பாயல் எங்கள் ஏரிக்குள் எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. ஷெட்டுக்கு வராமல் தோட்டத்து ஒற்றையடிப் பாதை வழியாக யாரோ தூண்டிலோடு போயிருக்கலாம் என்றார்கள். கரையில் இரை வைக்கும் தகர டப்பா ஒன்று கிடைத்தது. பறவையின் காலில் ஒட்டிக்கூட வரலாம் என்கிறாள் என் மனைவி. அவள் கண் தவறி ஷெட் வழியாக வந்ததாக யாரும் சொல்லவில்லை. என் படகுத் தூணுக்கு அடியில் மட்டும் இரண்டு முறை மறுபடி முளைத்தது. பிறகு ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது, எங்கும் காணவில்லை. ஒழிந்துவிட்டது என்று அவள் சொல்வதில்லை. இந்த வாரம் காணவில்லை என்றுதான் எழுதுகிறாள். படகு என்னிடம் திரும்பி வந்துவிட்டது. எந்த மூலைக்குள்ளும் எஞ்சின் ஓட்டக் கூடாது, ஏரிக்குள்ளேயே கிடக்கும் வள்ளங்களின் காற்றாடியையும் தினமும் தூக்கிப் பார்க்க வேண்டும் என்பது புது விதி.

போன மாதம், ஊட்டிப் பக்கம் ஓர் ஏரியைக் காக்கிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க அவளைக் கூப்பிட்டார்கள். டீச்சரும் கூடப் போனார். நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டுவரை நான் போய், ஜன்னல் ஓரமாக இடம் பிடித்துக் கொடுத்தேன். பக்கத்து வீட்டில் வாங்கிய ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாவட்டத்தைத் தாண்டி அவ்வளவு தூரம் நானே போனதில்லை.

"நாலு நாளைக்கு நீங்கதான் ஷெட்டப் பாத்துக்கிடணும்" என்றாள். "செய்வியளா?"

"செய்வேன்."

இரண்டாம் நாளே உப்புத் தண்ணீரில் என் விரல்கள் வெடித்துவிட்டன. அவளுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். ஒருமுறைகூடச் சொன்னதில்லை. மூன்றாம் நாள் டீச்சர் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார். பனிக்கு நடுவே ஒரு பெரிய ஏரி, கரையில் முப்பது பேர், நடுவில் அவள் ஒரு வலையை உயர்த்திப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லாரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழைய இடத்தில் பழையபடி சுருக்கென்றது.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். "இஞ்ச என்னா குளிரு! நல்லா கேட்டாவ எல்லாரும். உங்களப் பத்தியும் சொன்னேன்."

"என்ன சொன்ன?"

"நடந்தத. எங்க ஏரியில ஒருத்தரு கண்டும் பன்னெண்டு நாள் யாருட்டயும் ஒண்ணும் மிண்டாம இருந்தாருன்னு. எனக்க வீட்டுக்காரருதான்னும் சொன்னேன்."

முப்பது பேர் முன்னால், அவ்வளவு தூரத்தில். அவள் குரலில் குத்தல் இல்லை. அப்போது வாசலில் ஒருவர் தலையில் ஈர வலையோடு வந்து நின்றார்.

"ஆளு வந்திருக்கு. பெறவு பேசுகேன்" என்று போனை வைத்துவிட்டு, வலையை இறக்கச் சொன்னேன். அதைப் பாறைமேல் விரித்து, ஓரத்திலிருந்து ஒவ்வொரு குண்டாக உருட்டத் தொடங்கினேன்.